குரோமில் சரி, சஃபாரியில் கோணல்: பழி யார் மேல்?

மேக்கில் திறந்தால் மூன்று பெட்டிகளும் ஒரே வரிசையில் நிற்கின்றன. விண்டோஸில் திறந்தால் மூன்றாவது பெட்டி கீழே இறங்கிவிடுகிறது. ஐபோனில் அடியிலிருக்கும் பட்டன் பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. வலைப்பக்கம் செய்கிற யாருக்கும் இந்த மாதிரிப் புகார் புதிதல்ல. கேட்டவுடன் வாயில் வருவது, "அந்தப் பிரவுசரில் ஏதோ பக் (நிரல் பிழை) இருக்கிறது" என்பதுதான். 2003-ல் அப்படிச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். இன்றைக்கு அது அவசரப்பட்டுச் சொல்லும் பழி.

இப்போது கண்ணில் படும் வித்தியாசங்களில் பெரும்பங்கு, பக்கம் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்றைப் பிரவுசரோ ஆபரேட்டிங் சிஸ்டமோ எழுத்துருவோ தன் போக்கில் நிரப்பிக்கொண்டதால் வருவது. எதைச் சொல்லாமல் விட்டோம் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் எல்லாப் பிரவுசரிலும் ஒரே நேரத்தில் சரியாகிவிடும். பிரவுசர் பெயரைப் பார்த்துத் தனித்தனியாக ஒட்டுப்போடும் வேலை மிஞ்சாது. உண்மையான பக் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது. ஆனால் அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இந்தச் சந்தேக வரிசை ஏன் தலைகீழாக மாறியது என்று புரிய, கொஞ்சம் பழங்கதை தேவை.

350-ஆ, 300-ஆ?

வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதிவைக்கும் மொழியான சிஎஸ்எஸ் என்ற யோசனையை ஹோகோன் வியூம் லீ முன்வைத்தது 1994 அக்டோபரில். பெர்ட் போஸும் சேர்ந்து வளர்த்த அதன் முதல் பதிப்பை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1996 டிசம்பரில் பரிந்துரையாக வெளியிட்டது. அதற்கு முன்பே, அந்த ஆகஸ்டில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3, சிஎஸ்எஸ்ஸை அரைகுறையாக ஆதரிக்கத் தொடங்கியிருந்தது. 1997-ல் நெட்ஸ்கேப் 4 வந்தது. இரண்டு நிறுவனங்களும் சந்தைக்காக அடித்துக்கொண்ட காலம் அது. விதிமுறையைப் படித்து, சோதித்து, பொறுமையாகச் செய்ய யாருக்கும் நேரமில்லை. அவரவருக்குப் புரிந்தபடி செய்தார்கள்.

ஒரே ஒரு உதாரணம் போதும். ஒரு பெட்டிக்கு அகலம் 300 பிக்சல், உள்ளே நான்கு பக்கமும் 20 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி), சுற்றிலும் 5 பிக்சல் பார்டர் (விளிம்புக் கோடு) என்று எழுதுகிறோம். பெட்டி திரையில் எவ்வளவு இடம் பிடிக்கும்? சிஎஸ்எஸ் விதிப்படி, அகலம் என்பது உள்ளடக்கத்தின் அகலம் மட்டும்தான். பேடிங்குக்கு 40, பார்டருக்கு 10 தனியாகச் சேர்ந்து மொத்தம் 350. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 கணக்கு வேறு: 300 என்றால் பார்டரோடு சேர்த்து 300, உள்ளடக்கத்துக்கு மிஞ்சுவது 250. ஒரு பெட்டிக்கு 50 பிக்சல் வித்தியாசம் என்றால், நான்கைந்து பெட்டி உள்ள பக்கத்தின் கதியை யோசித்துப் பாருங்கள்.

விதிமுறைக்கு மாறாக நடந்தது மைக்ரோசாஃப்ட்தான். ஆனால் அதைத் திருத்துவது சுலபமாக இல்லை. அந்தத் தவறான கணக்கை நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் ஏற்கனவே ஏராளமாக இருந்தன. பிரவுசர் திருந்தினால் அவையெல்லாம் உடையும். திருந்தாவிட்டால் புதிதாக எழுதுபவர்கள் காலம் முழுக்க இரண்டு கணக்கு வைத்துக்கொண்டு திண்டாட வேண்டும்.

இதற்கு ஒரு தந்திரமான வழியை யோசித்தவர் டாட் ஃபார்னர். பக்கத்தின் முதல் வரியில் டாக்டைப் அறிவிப்பு இருந்தால், எழுதியவர் விதிமுறை தெரிந்தவர் என்று எடுத்துக்கொண்டு விதிப்படி காட்டுவது. இல்லாவிட்டால் பழைய பக்கம் என்று கருதிப் பழைய தவறுகளோடே காட்டுவது. டாக்டைப் வரி இதற்காகப் பிறந்ததே இல்லை. அந்த ஆவணம் எந்த இலக்கணப்படி எழுதப்பட்டது என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. 2000 மார்ச்சில் மேக்குக்கு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, அதை ஒரு சுவிட்சாக மாற்றியது. 2001-ல் விண்டோஸுக்கான ஆறாம் பதிப்பும் அதையே பின்பற்றியது. பழைய பாணிக்கு க்வர்க்ஸ் மோடு என்று பெயர் வந்தது. கால் நூற்றாண்டு ஆகியும் எல்லாப் பிரவுசரிலும் அந்த சுவிட்ச் அப்படியே இருக்கிறது.

அதனால்தான் எந்த லேஅவுட் புகார் வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்தின் முதல் வரி. டாக்டைப் வரி எழுதியிருக்கிறோமே என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. சர்வரில் ஓடும் நிரல் ஏதோ ஒரு எச்சரிக்கைச் செய்தியை அதற்கு மேலே துப்பியிருக்கலாம். டாக்டைப்புக்கு முன்னால் வெற்றிடமும் குறிப்புரையும் வரலாம்; வேறு எந்த எழுத்து வந்தாலும் பக்கம் முழுவதும் க்வர்க்ஸ் மோடுக்குப் போய்விடும். அட்டவணைக்குள் எழுத்து அளவு திடீரென்று மாறுவது, உயரம் சதவீதங்கள் விசித்திரமாக நடப்பது, அலகு போடாமல் எழுதிய எண்கள் சில இடங்களில் செல்லுபடியாவது எல்லாம் இதன் அறிகுறிகள். சோதனை சர்வரில் ஒழுங்காக இருந்து, நேரடித் தளத்தில் மட்டும் கலைகிற பக்கங்களில் இது அடிக்கடி அகப்படும். பிரவுசரோடு வரும் டெவலப்பர் டூல்ஸ் கன்சோலில் டாக்குமென்ட்.காம்பேட்மோடு என்று கேட்டால் போதும். 'பேக்காம்பேட்' என்று பதில் வந்தால் க்வர்க்ஸ். வேறு எதையும் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. மைக்ரோசாஃப்ட்டின் அந்தத் 'தவறான' கணக்குதான் மனிதருக்கு வசதியானது. மூன்று பெட்டிக்கும் மூன்றில் ஒரு பங்கு அகலம் கொடுத்துவிட்டுப் பேடிங் சேர்த்தால், விதிப்படி மொத்தம் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். சிஎஸ்எஸ் பின்னாளில் பாக்ஸ்-சைஸிங் என்ற பண்பைச் சேர்த்து, பார்டர்-பாக்ஸ் என்ற மதிப்பின் வழியாகப் பழைய கணக்கையே விருப்பத் தேர்வாகத் திருப்பிக் கொடுத்தது. 2012-ல் பால் ஐரிஷ் அதைப் பக்கத்தின் எல்லா உறுப்புக்கும் போட்டுவிடச் சொல்லி எழுதினார். இன்று அதைப் போடாத புதிய ஸ்டைல்ஷீட்டை (சிஎஸ்எஸ் வரிகள் உள்ள கோப்பை)ப் பார்ப்பதே அபூர்வம்.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆறாம் பதிப்புக்குப் பிறகு ஏழு வர 2006 அக்டோபர் வரை ஆனது. இடையில் போன ஐந்து ஆண்டுகள்தான் ஹேக்குகளின், அதாவது தந்திர ஒட்டுகளின், பொற்காலம். ஃப்ளோட் ஆன (ஓரமாக ஒதுக்கிய) பெட்டிக்கு அதே திசையில் மார்ஜின் (வெளி இடைவெளி) கொடுத்தால் ஆறாம் பதிப்பு அதை இரட்டிப்பாக்கும். அதைத் தடுக்க டிஸ்ப்ளே: இன்லைன் என்று, வேறெங்கும் எந்த விளைவும் இல்லாத ஒரு வரியைச் சேர்ப்பார்கள். பண்பின் பெயருக்கு முன் அடிக்கோடு போட்டால் அந்தப் பிரவுசர் மட்டும் படிக்கும். நட்சத்திரம் போடும் ஹேக், அந்தக் குடும்பத்துக்கு மட்டும் தெரியும் கண்டிஷனல் கமென்ட் என்று ஒரு தனிக் கலையே வளர்ந்தது. அன்று அது நியாயமான வேலை. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-ன் டெஸ்க்டாப் செயலிக்கு விண்டோஸ் 10-ல் ஆதரவு 2022 ஜூன் 15-ல் முடிந்துவிட்டது. பழைய கோடில் இவை இன்னும் கிடந்தால் தயங்காமல் துடைத்துவிடலாம். சில நேரம் அந்த ஒட்டுதான் இன்றைய கோணலுக்கே காரணமாக இருக்கும்.

மூன்றே என்ஜின்

பிரவுசர்கள் பல, பக்கத்தை வரையும் என்ஜின்கள் மூன்று. குரோம், எட்ஜ், ஓபெரா மூன்றும் பிளிங்க். சஃபாரி வெப்கிட். ஃபயர்ஃபாக்ஸ் கெக்கோ. பிளிங்க்கும் 2013-ல் வெப்கிட்டிலிருந்து பிரிந்ததுதான். எட்ஜ் தன் சொந்த என்ஜினைக் கைவிட்டு 2020 ஜனவரியில் பிளிங்க் பக்கம் வந்தது. ஆகவே குரோமிலும் எட்ஜிலும் தனித்தனியாக லேஅவுட்டைச் சோதிப்பது பெரும்பாலும் ஒரே வேலையை இரண்டு முறை செய்வது. ஐபோனில் கதை வேறு. அங்கே குரோம் என்று பெயர் இருந்தாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் வேறு என்ஜினுக்கு அனுமதி கொடுத்தார்கள். 'ஐபோன் குரோமிலும் கோணலாக வருகிறது, அதனால் சஃபாரி காரணமில்லை' என்று வாதாடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. மேக் கையில் இல்லாதவர்கள், பிளேரைட் என்ற சோதனைக் கருவியோடு வரும் வெப்கிட்டை வைத்து விண்டோஸிலோ லினக்ஸிலோ ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். ஓரளவுதான், எழுத்துருவும் திரை விசைப்பலகையும் நிஜப் போனில்தான் தெரியும்.

புகார் வந்ததும் நான் முதலில் கேட்பது, மாறியது என்ஜினா, இயந்திரமா என்பதைத்தான். ஒரே கம்ப்யூட்டரில், ஜன்னலை ஒரே அகலத்தில் வைத்து, இரண்டு பிரவுசரில் பார்க்க வேண்டும். பிறகு ஒரே பிரவுசரை இரண்டு கம்ப்யூட்டரில். முதல் சோதனையில் வித்தியாசம் இல்லாமல் இரண்டாவதில் மட்டும் வந்தால், என்ஜினை விட்டுவிட்டு எழுத்துருவையும் ஸ்க்ரோல்பாரையும் பார்க்கலாம்.

தொடக்கத்தில் சொன்ன மூன்று பெட்டிக் கதை இந்த வகைதான். ஒவ்வொன்றும் 410 பிக்சல், இடையில் இரண்டு 20 பிக்சல் இடைவெளி, மொத்தம் 1270. ஜன்னல் 1280. போதும் என்றுதான் தோன்றும். டிராக்பேடோடு இருக்கும் மேக்கில் ஸ்க்ரோல்பார் பக்கத்தின் மேல் மிதக்கிறது, இடம் பிடிப்பதில்லை. விண்டோஸில் அது 15 முதல் 17 பிக்சல் வரை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 1265. மூன்றாவது பெட்டிக்கு இடமில்லை. இதே காரணத்தால்தான் 100விடபிள்யூ (ஜன்னலின் முழு அகலம்) என்று அகலம் கொடுத்த பகுதிகள் விண்டோஸில் மட்டும் கிடைமட்ட ஸ்க்ரோலை வரவழைக்கின்றன. அந்த அலகு ஸ்க்ரோல்பாரையும் சேர்த்தே அளக்கிறது. 100 சதவீதம் என்றால் சேர்க்காது. பெட்டிகளுக்கு எண்ணைக் கட்டாயப்படுத்தாமல் சிஎஸ்எஸ்ஸின் கட்ட அமைப்பான கிரிட்டில் 1எஃப்ஆர் என்று மூன்று பங்காகக் கொடுத்திருந்தால் இந்தப் புகாரே வந்திருக்காது.

சரி, என்ஜின்தான் என்று தெரிகிறது. அப்புறம்? இரண்டு பிரவுசரிலும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, கோணலாக இருக்கும் உறுப்பின் கம்ப்யூட்டட் பகுதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அங்கே இருப்பது நாம் எழுதியதன் இறுதி மதிப்பு. அகலமோ உயரமோ எண் மாறினால், அந்த உறுப்பின் தாய்ப் பெட்டிக்குப் போய் அதே எண்ணைப் பார்க்க வேண்டும். அதுவும் மாறினால் அதன் தாய். மேலே ஏறிக்கொண்டே போனால் எண் ஒத்துப்போகிற ஒரு இடம் வரும். அதற்கு ஒரு படி கீழேதான் தவறு. கோணல் தெரிகிற இடத்திலேயே நின்று மார்ஜினைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

தசமப் புள்ளிக்குப் பின் வரும் சின்ன வித்தியாசத்தைக் கண்டு மிரள வேண்டாம். 1000 பிக்சலை மூன்றாகப் பிரித்தால் ஃபயர்ஃபாக்ஸ் 333.333 என்று காட்டும், குரோம் 333.328 என்று காட்டும். கெக்கோ ஒரு பிக்சலை 60 கூறாகவும், பிளிங்க் 64 கூறாகவும் வைத்துக் கணக்கிடுவதுதான் காரணம். இதைத் துரத்திக்கொண்டு போவதில் பயனில்லை.

சொல்லாமல் விட்டவை

ஒவ்வொரு பிரவுசருக்கும் உள்ளேயே ஒரு ஸ்டைல்ஷீட் இருக்கிறது. நாம் ஒரு வரிகூட எழுதாவிட்டாலும் தலைப்பு பெரிதாகத் தெரிவதும், பாடிக்கு 8 பிக்சல் மார்ஜின் வருவதும் அதனால்தான். ஒரு காலத்தில் இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவே இல்லை. பட்டியலை உள்ளே தள்ளுவதற்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஓபெராவும் மார்ஜினைப் பயன்படுத்தின. மோஸில்லா பேடிங்கைப் பயன்படுத்தியது. மார்ஜின் பூஜ்யம் என்று எழுதினால் ஒன்றில் பட்டியல் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், இன்னொன்றில் அசையாது. 2007-ல் எரிக் மேயர் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கும் ரீசெட் ஸ்டைல்ஷீட்டை வெளியிட்டது இந்த எரிச்சலில்தான். பிறகு வந்த நார்மலைஸ், பூஜ்யமாக்காமல் வித்தியாசத்தை மட்டும் சமன்செய்தது.

இன்று இந்த வேற்றுமைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. பத்து வரிக்குள் அடங்கும் ஒரு சிறு ரீசெட் போதும் என்பது என் கருத்து. அதில் மறக்கக் கூடாதது படிவ உறுப்புகள். பட்டன், இன்புட், செலக்ட் மூன்றும் பக்கத்தின் எழுத்துருவைத் தாமாக எடுத்துக்கொள்ளாது. குரோமில் அவற்றின் இயல்பான எழுத்து 13.33 பிக்சல். ஃபாண்ட்: இன்ஹெரிட் என்று ஒரு வரி எழுதினால் பட்டன் உயர வித்தியாசங்களில் பாதி அங்கேயே தீரும். இன்னொன்று, ஐபோன் சஃபாரியில் இன்புட் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், தொட்டவுடன் பக்கம் பெரிதாகிவிடும். பக் என்று பலர் நினைக்கும் அது வேண்டுமென்றே வைத்த நடத்தை. 16 கொடுத்தால் நின்றுவிடும்.

இனி எழுத்துரு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் பக்கம் செய்பவர்களை அதிகம் படுத்துவது இதுதான்.

ஸ்டைல்ஷீட்டில் ஏரியல் என்று எழுதியிருக்கிறோம். அதில் தமிழ் எழுத்து இல்லை. பிரவுசர் என்ன செய்யும்? அந்தக் கம்ப்யூட்டரில் கிடைக்கிற தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் என்றால் நிர்மலா யூஐ, பழைய விண்டோஸ் என்றால் லதா, மேக்கிலும் ஐபோனிலும் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ. நாலும் நாலு அகலம், நாலு உயரம். லைன்-ஹைட் கொடுக்காமல் விட்டால் வரியின் உயரத்தை எழுத்துருவின் உள்ளளவுகள்தான் தீர்மானிக்கும். ஒரே வரியில் ஆங்கிலமும் தமிழும் கலந்தால் இரண்டு எழுத்துருவும் சேர்ந்து தீர்மானிக்கும். ஒரு கட்டுரையின் உயரம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுவதில் ஆச்சரியமே இல்லை. லைன்-ஹைட்டை 1.6 போல அலகில்லாத எண்ணாகக் கொடுத்துவிட்டால், எந்த எழுத்துரு வந்தாலும் வரி உயரம் அநேகமாக ஒன்றாக நிற்கும்.

அகலம்தான் பெரிய தொல்லை. பெட்டிகளை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறையான ஃப்ளெக்ஸில் பக்கத்துக்கொன்றாக இரண்டு பெட்டி இருக்கிறது. ஒன்றின் தலைப்பில் 'அறிமுகப்படுத்தப்பட்டிருக்கிறது' என்ற சொல் வருகிறது. ஃப்ளெக்ஸ் உறுப்புகளின் குறைந்தபட்ச அகலம், நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஆட்டோ. அதாவது உள்ளே இருக்கும் மிக நீளமான, உடைக்க முடியாத சொல்லின் அகலத்துக்குக் கீழே பெட்டி சுருங்காது. ஆங்கிலத்தில் சோதித்தபோது சொற்கள் குட்டி; பிரச்சினை தெரிந்திருக்காது. தமிழில் அந்த ஒரு சொல்லே ஒரு சின்னப் போன் திரையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். எழுத்துரு கொஞ்சம் குறுகலாக உள்ள இயந்திரத்தில் மயிரிழையில் தப்பிக்கும். அகலமான எழுத்துரு உள்ள இயந்திரத்தில் பக்கத்துப் பெட்டியைத் திரைக்கு வெளியே தள்ளும். 'ஆண்ட்ராய்டில் சரியாக வருகிறது, ஐபோனில் உடைகிறது' என்ற புகாராகவோ, அதற்கு நேர்மாறாகவோ இது வந்து சேரும். பிரவுசர் ஒரு பாவமும் செய்யவில்லை.

இதற்கு ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்டு என்று எழுதிப் பார்ப்பார்கள். ஒன்றும் நடக்காது. அந்த மதிப்பு சொல்லை உடைக்க அனுமதிக்கிறதே தவிர, குறைந்தபட்ச அகலக் கணக்கில் அந்த உடைப்பைச் சேர்ப்பதில்லை. பெட்டி முதலில் சுருங்கினால்தானே சொல் உடையும்? பெட்டிக்கு மின்-விட்த் பூஜ்யம் என்று சேர்க்க வேண்டும். அல்லது ஓவர்ஃப்ளோ-ராப்புக்கு எனிவேர் என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும், அது கணக்கிலும் சேரும். இரண்டில் எதைச் செய்தாலும் சொல் இலக்கணம் பார்க்காமல் கண்ட இடத்தில் முறியும். அழகாக இருக்காது. தலைப்பின் எழுத்து அளவைக் குறைப்பதோ, பெட்டிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக இறக்குவதோ பல நேரம் நல்ல முடிவு. எல்லா இயந்திரத்திலும் ஒரே எழுத்துரு வேண்டுமென்றால் வெப் ஃபாண்ட்டாகப் பக்கத்தோடே அனுப்பிவிடலாம். கோப்பு பெரிதாகும், அது வந்து சேரும்வரை மாற்று எழுத்துருவில் தெரிந்து பிறகு ஒரு குலுக்கல் குலுக்கும்.

போனில் வெட்டுப்படும் பட்டன் வேறு சங்கதி. 100விஹெச் என்றால் திரையின் முழு உயரம் என்று எல்லோரும் எழுதினோம். போன் பிரவுசரில் முகவரிப் பட்டை வரும், போகும். அந்த அலகை அளக்கும்போது பட்டை மறைந்திருக்கும் பெரிய உயரத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். பட்டை தெரியும்போது அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விடுகிறது. இதற்காகவே சின்ன உயரத்துக்கு எஸ்விஹெச், பெரியதற்கு எல்விஹெச், மாறிக்கொண்டே இருப்பதற்கு டிவிஹெச் என்று மூன்று அலகுகள் வந்தன. 2022 முடிவதற்குள் மூன்று என்ஜினிலும் கிடைத்துவிட்டன. டிவிஹெச் என்ற பெயர் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் பட்டை நகரும்போதெல்லாம் உயரம் மாறி உள்ளடக்கம் குதிப்பதால், பெரும்பாலான இடங்களுக்கு எஸ்விஹெச்சே போதும்.

தெரியாததைத் தாண்டிப் போகும் குணம்

சிஎஸ்எஸ்ஸின் மிக நல்ல குணம், புரியாத வரியை அமைதியாகத் தாண்டிப் போவது. உயரம் 100விஹெச் என்று ஒரு வரி, அதற்கு அடுத்தே உயரம் 100எஸ்விஹெச் என்று ஒரு வரி எழுதினால், பழைய பிரவுசர் இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதோடு நிற்கும். புதியது இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். எந்தப் பிரவுசர் என்று கேட்கவே தேவையில்லை.

ஆனால் இந்தக் குணம் தனி வரிக்கு மட்டும். எந்த உறுப்புக்கு என்று சொல்லும் செலக்டர்களைக் காற்புள்ளி போட்டு அடுக்கினால், அதில் ஒன்று புரியாவிட்டாலும் விதி முழுவதையும் பிரவுசர் தூக்கி எறிந்துவிடும். ரேஞ்ச் ஸ்லைடரின் குமிழை அலங்கரிக்கும்போது இது இன்றும் கடிக்கிறது. ஃபயர்ஃபாக்ஸுக்கு மோஸ்-ரேஞ்ச்-தம்ப், குரோமுக்கும் சஃபாரிக்கும் வெப்கிட்-ஸ்லைடர்-தம்ப். இரண்டுக்கும் ஒரே அலங்காரம்தானே என்று சேர்த்து எழுதினால், குரோம் முதலாவது புரியாமல் மொத்தத்தையும் ஒதுக்கிவிடும். அதே பத்து வரியைத் தனித்தனியாக இரண்டு முறை எழுதுவதைத் தவிர வழியில்லை. திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறதே என்று பிறகு வரும் ஒருவர் 'சுத்தம்' செய்துவிடாமல் பக்கத்தில் ஒரு குறிப்பும் வைக்க வேண்டும்.

ஒரு வசதி பிரவுசரில் இருக்கிறதா என்று கேட்க சப்போர்ட்ஸ் விதி இருக்கிறது. நல்ல கருவி, ஆனால் அது கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். பெட்டிகளுக்கு இடையே இடைவெளி விடும் கேப் என்ற பண்பு கிரிட்டுக்கு முதலில் வந்தது. ஃப்ளெக்ஸுக்கு ஃபயர்ஃபாக்ஸில் 2018-ல், குரோமில் 2020-ல், சஃபாரியில் 2021 ஏப்ரலில். இடைப்பட்ட காலத்தில் சஃபாரியிடம் 'கேப் தெரியுமா' என்று கேட்டால் 'தெரியும்' என்றது. பொய்யில்லை, கிரிட்டில் தெரியும். ஃப்ளெக்ஸில் தெரியுமா என்று தனியாகக் கேட்க அந்த விதியில் வழியே இல்லை. இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்ட பட்டன்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்தவர்கள் பலர். மார்ஜினுக்குத் திரும்புவதுதான் அன்றைக்கு ஒரே தீர்வு.

பிரவுசரின் பெயரைப் படித்து அதற்கேற்பக் கோடு மாற்றுவது இதைவிட மோசம். குரோம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரியில் மோஸில்லா, ஆப்பிள்வெப்கிட், கெக்கோ, சஃபாரி என்று எல்லோர் பெயரும் இருக்கும். இப்படிப் பெயர் பார்த்துக் கதவடைத்த பழைய தளங்களுக்குள் நுழைவதற்காக ஒவ்வொரு பிரவுசரும் போட்டுக்கொண்ட வேஷம் அது. பண்பின் பெயருக்கு முன் என்ஜினின் பெயரைச் சேர்க்கும் முன்னொட்டுகளும் அதே வழியில் போனவைதான். சோதனைக்காக மட்டும் என்று வைத்த வெப்கிட் முன்னொட்டை எல்லோரும் நிரந்தரமாக எழுதிவிட்டார்கள். கடைசியில் 2016-ல் ஃபயர்ஃபாக்ஸே அவற்றில் பலவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்று கையால் முன்னொட்டு எழுதுவது வீண்வேலை, ஆட்டோபிரிஃபிக்சர் என்ற கருவி பார்த்துக்கொள்ளும்.

நிலைமை இந்த அளவுக்குத் தேறியதற்கு ஒரு காரணம், என்ஜின் செய்பவர்கள் ஒரே சோதனைத் தொகுப்பை வைத்துக்கொண்டது. வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் என்ற அந்தத் தொகுப்பில் மூன்று என்ஜினும் ஓடுகின்றன. 2022-லிருந்து இன்டராப் என்ற பெயரில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மோஸில்லா, இகாலியா, போகூப் ஆகியவை ஆண்டுதோறும் உட்கார்ந்து, இந்த ஆண்டு எந்தெந்த வேற்றுமைகளைத் தீர்ப்பது என்று முடிவு செய்கின்றன. எந்த வசதியை நம்பி எழுதலாம் என்பதற்கு 2023-லிருந்து பேஸ்லைன் என்ற அடையாளம் வேறு இருக்கிறது. முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்து 30 மாதம் ஆனால் 'பரவலாகக் கிடைக்கிறது' என்று முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரை விழுந்ததைத் தயக்கமில்லாமல் எழுதலாம்.

தீர்க்கவே கூடாத வித்தியாசங்களும் உண்டு. செலக்ட் பெட்டி ஐபோனில் ஒரு மாதிரி, விண்டோஸில் ஒரு மாதிரி விரிவது அந்தந்த இயந்திரத்தின் பழக்கம்; அங்கே இருப்பவருக்கு அதுதான் கைவந்தது. ஸ்க்ரோல்பாரும் தேதி தேர்வு செய்யும் கட்டமும் அப்படியே. வாடிக்கையாளர் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எழுத்து அரை பிக்சல் நகர்ந்திருக்கிறது என்று காட்டினால், மறுத்துச் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பிரவுசரைப் பார்க்கும் ஒரே ஆள் அவர்தான்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதுதான் அசல் பக். அதைப் பிடிக்க, பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியாக நீக்கிக்கொண்டே வர வேண்டும். ஒன்றை நீக்கியும் கோணல் நிற்கிறதா, சரி, அது காரணமில்லை. கடைசியில் இருபது முப்பது வரியில் அதே கோணலைக் காட்டும் சிறு பக்கம் மிஞ்சும். பெரும்பாலும் இப்படிக் குறைத்துக்கொண்டு வரும்போதே நம் கோடில் இருக்கும் தவறு கண்ணில் பட்டுவிடும். படாவிட்டால் அந்தச் சிறு பக்கத்தை அந்த என்ஜினின் பக் டிராக்கரில் தேடிப் பார்க்கலாம். ஏற்கனவே யாராவது பதிந்திருக்கவும் கூடும், இல்லையென்றால் நாம் பதியலாம். மோஸில்லாவுக்கு பக்ஸில்லா, வெப்கிட்டுக்கும், பிளிங்க் அடங்கிய குரோமியத்துக்கும் தனித்தனி டிராக்கர்கள் இருக்கின்றன. அதுவரை நம் பக்கத்தில் போட்டு வைக்கும் மாற்று வரிக்கு மேலே அந்த பக்கின் எண்ணைக் குறிப்பாக எழுதி வைக்க வேண்டும். பிரவுசரில் அது சரியான பிறகு, அந்த வரியை அழிக்கலாமா என்று யாரையும் கேட்காமலே அடுத்து வருபவர் அழிப்பார்.